பதினெட்டு வருஷம் ஓட்டிய கைக்கு எல்.எல்.ஆர். எதற்கு?

கேள்வி:

ஐயா, எனக்குச் சொந்த ஊர் பரமத்தி வேலூர் பக்கம். பட்டாளத்தில் ஏ.எஸ்.சி. என்ற சப்ளை, போக்குவரத்துப் பிரிவில் டிரைவர். பதினெட்டு வருஷ சர்வீஸ் முடித்து, நாயக்காக, வருகிற ஜூனில் சொந்த விருப்பத்தின் பேரில் பென்ஷனில் வருகிறேன். அப்பாவுக்கு முடியவில்லை, தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. லே, கார்கில், தேஜ்பூர் என்று பாதி சர்வீஸ் ஸ்டாலியன் என்ற பட்டாளத்து லாரியிலேயே போனது. ஊருக்கு வந்து லாரிக்குப் போகலாம் என்று எண்ணம். நாமக்கல்லில் கேஸ் டேங்கர் வைத்திருக்கும் மாமா முறைக்காரர் ஒருவர் வேலை தருகிறேன் என்றார். என் லைசென்ஸைப் பார்த்ததும், "மாப்ளே, இது பட்டாளத்து லைசென்ஸ், இங்க செல்லாது" என்று சொல்லிவிட்டார். லைசென்ஸ் எடுத்துத் தருகிறவர் ஒருவரைக் கேட்டால், "முதல்ல எல்.எல்.ஆர்., அப்புறம் கார் லைசென்ஸ், ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஹெவி, எல்லாம் சேர்ந்து இருபத்தஞ்சாயிரம்" என்கிறார். சிவில் லைசென்ஸ் என்று என்னிடம் இருப்பது பைக்குக்கு மட்டும்தான். பதினெட்டு வருஷம் ஓட்டியது அத்தனையும் வீணா? என் மனைவி நர்ஸ், இப்போது செகந்திராபாத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? என்னோடு இருக்கும் கோபிக்காரர் ஒருவர் இ.எம்.இ. என்ற பழுதுபார்க்கும் பிரிவில் எலெக்ட்ரீஷியன். அவருக்கும் இதே குழப்பம்தான்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். மாமா சொன்னது சரி. லைசென்ஸ் எடுத்துத் தருகிறவர் சொன்னது தப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் வீணா என்று கேட்கிறீர்கள். ஒரு நாள்கூட வீணில்லை. ஆனால் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னால் சில காகிதங்களை நீங்கள் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் மாமா சொன்னதைப் பார்ப்போம். நீங்கள் ஓட்டும் வண்டியின் நம்பர் பலகையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதில் டி.என். 28 என்றோ வேறு மாநில எழுத்தோ இருக்காது. மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி, அப்புறம் எண்கள். அந்த வண்டி எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலையும் பார்த்ததில்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பட்டாளத்துக்கென்று ஒரு தனிப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்காக ஓடும் மத்திய அரசு வண்டிகளை 60ஆம் பிரிவின்படி ராணுவமே பதிவு செய்துகொள்ளும். அவற்றை ஓட்டுவதற்கான லைசென்ஸை 18ஆம் பிரிவின்படி ராணுவ அதிகாரியே கொடுப்பார். அந்த லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். லேயிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் எந்தப் போலீசும் உங்களை நிறுத்தி வேறு லைசென்ஸ் கேட்க முடியாது. ஆனால் அதே 18ஆம் பிரிவு, இந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ராணுவ வண்டி தவிர வேறு எந்த வண்டியும் ஓட்ட உரிமை கிடையாது என்றும் சொல்கிறது. உங்கள் மாமாவின் டேங்கருக்கு மட்டுமில்லை, உங்கள் சித்தப்பாவின் மாருதிக்கும் அது செல்லாது.

அதனால் மாமா மேல் வருத்தப்படாதீர்கள். உரிய லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் 181ஆம் பிரிவில் டிரைவருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் மூன்று மாதம் வரைக்கும் சிறை, சில சமயம் இரண்டும். ஓட்டவிட்ட ஓனருக்கு 180ஆம் பிரிவில் அதே அளவு. அதுகூடப் பெரிதில்லை. வழியில் ஒரு விபத்து நடந்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது டிரைவரின் லைசென்ஸைத்தான். அது சரியில்லை என்று ஆனால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை ஓனரிடமிருந்து வசூலிக்க வழக்கு வரும். ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிறவர் என்றால் அந்த வண்டியையே விற்க வேண்டியதுதான். சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் அப்படி வண்டியை விற்றுவிட்டு, அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்த இருபத்தைந்தாயிரம் கேட்டவர் விஷயத்துக்கு வருவோம். அவர் சொன்ன வரிசை சாதாரண ஆளுக்குச் சரிதான். ஹெவி ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். வேண்டுமென்றால் ஒரு வருஷமாவது கார் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். இது 7ஆம் பிரிவு. அதைத்தான் உங்களிடமும் ஒப்பித்திருக்கிறார். ஆனால் இரண்டு பிரிவு தள்ளிப் போயிருந்தால் அவருக்கே விடை கிடைத்திருக்கும். 9ஆம் பிரிவு, உட்பிரிவு 3: லைசென்ஸ் கேட்கிறவர் ஓட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டும், ஆனால் அதே வகை வண்டிக்கு 18ஆம் பிரிவில் கொடுத்த லைசென்ஸை வைத்திருப்பவருக்கும், முன்பு வைத்திருந்தவருக்கும் அந்தத் தேர்வு தேவையில்லை. பட்டாளத்து லைசென்ஸுக்கென்றே எழுதிய வரி இது. வைத்திருப்பவர் என்றும் வைத்திருந்தவர் என்றும் இரண்டையும் சொல்வதால், நீங்கள் சர்வீஸில் இருக்கும்போதே கேட்கலாம், பென்ஷனில் வந்த பிறகும் கேட்கலாம். காலாவதியான சிவில் லைசென்ஸுக்கு அதே பிரிவு ஐந்து வருஷக் கெடு வைக்கிறது. பட்டாளத்து லைசென்ஸுக்கு அந்தக் கெடுவும் இல்லை. தேர்வே வேண்டாம் என்று சட்டம் சொன்ன பிறகு, தேர்வுக்குப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். உங்களுக்கு எதற்கு? சிவப்பு எழுத்தில் 'எல்' ஒட்டிக்கொண்டு, பதினெட்டு வயசுப் பையன்களோடு வரிசையில் நின்று, கிரவுண்டில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டிய ஆள் நீங்கள் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் மோட்டார் வாகன ஆய்வாளராக, ஊர் வழக்கில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டராக, வேலைக்குச் சேர்ந்த புதிது. மேற்கு மாவட்டங்களில் ஓர் ஆபீஸ். காலையில் லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவர்களில் ஒருவர் நாற்பது வயசுக்காரர், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, முதுகு வளையாமல் நின்றார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த பட்டாளத்து லைசென்ஸை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். நான் அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "இது இங்க ஆகாதுங்க, எல்.எல்.ஆர். போட்டுட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உறைக்குள் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஏழெட்டு மாதம் கழித்து, வேறு ஒரு மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் மேலதிகாரி சட்டப் புத்தகத்தைத் திறந்து 9(3)ஐக் காட்டினார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய பதிவேட்டில் விலாசத்தைத் தேடிப் பிடித்து ஆள் அனுப்பினேன். அவர் அதுவரைக்கும் பங்காளி வீட்டு லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தார். வந்தார், மனுப் போட்டார், டெஸ்ட் இல்லாமலே ஹெவி லைசென்ஸ் வாங்கினார். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "கிளீனராப் போனது பரவாயில்லீங்க. நான் பட்டாளத்துல வண்டியே ஓட்டுலன்னு ஊர்ல பேசிட்டாங்க, அதுதானுங்க தாங்க முடியல." ஓர் ஆள் சட்டத்தின் ஒரு வரியைப் படிக்காததால் இன்னோர் ஆளுக்கு எட்டு மாதக் கூலியும் ஊரில் இருந்த மரியாதையும் போனது. அது என் தப்பு. அதற்கப்புறம் என் சர்வீஸ் முழுக்க எந்தப் பட்டாளத்துக்காரரையும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

இப்போது உங்கள் காகிதங்கள். சட்டத்தில் இருக்கும் "அதே வகை வண்டி" என்ற சொல்லில்தான் மனுக்கள் மாட்டிக்கொள்கின்றன. பட்டாளத்தில் வண்டியை நீங்கள் அழைக்கும் முறை வேறு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரிக்கும் முறை வேறு. 'ஸ்டாலியன்', 'ஃபோர் பை ஃபோர்', 'டூ அண்ட் ஆஃப் டன்' என்று உங்கள் லைசென்ஸில் இருந்தால், கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு அது எந்த வகை என்று தெரியாது. அவர் மேல் குற்றமில்லை. சிவில் கணக்கில் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகு ரகம், 12,000 கிலோவுக்கு மேலே போனால் கனரகம், நடுவில் இருப்பது நடுத்தரம். இந்தக் கணக்கில் நீங்கள் ஓட்டிய வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பதை உங்கள் யூனிட்டே எழுதிக் கொடுத்துவிட்டால் சண்டையே இல்லை.

அதனால் உங்கள் யூனிட் கமாண்டிங் ஆபீசரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். உங்கள் நம்பர், ரேங்க், பெயர். லைசென்ஸ் நம்பர், எந்தத் தேதியில் எந்த அதிகாரி கொடுத்தது. எந்தெந்த வண்டி வகைகளுக்கு. அந்த வண்டிகளின் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை எவ்வளவு. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் ஓட்டினீர்கள். விபத்து, தண்டனை ஏதும் இல்லை என்பது. இத்தனையும் ஒரே தாளில் இருக்க வேண்டும். கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் தெளிவாக இருக்கட்டும், ரவுண்ட் சீல் படியட்டும். அந்தக் கடிதத்தில் "மோட்டார் வாகனச் சட்டம் 18ஆம் பிரிவின் கீழ் வழங்கப்பட்ட லைசென்ஸ்" என்ற வார்த்தைகள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று கிளார்க்கிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் ஆர்.டி.ஓ. ஆபீஸின் பூட்டைத் திறக்கும் சாவி. லைசென்ஸின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து அதிலும் அதிகாரி கையெழுத்து வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது மூலத்தை ஒப்படைக்கச் சொன்னாலும் நகல் உங்களிடம் இருக்கும். ஊருக்கு வந்த பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது உங்களுக்கே தெரியும். யூனிட்டில் இருக்கும்போது அது பக்கத்து அறைக்குப் போய்வருகிற வேலை. இதனால்தான் அடுத்த லீவிலேயே மனுவைப் போட்டுவிடுவது நல்லது என்கிறேன்.

மனுவை, லைசென்ஸுக்கான மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் நீங்களே போடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாநிலத்துக்குள் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் விண்ணப்பிக்கலாம், நாமக்கல்லோ திருச்செங்கோடோ உங்களுக்குத் தோதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கனரக லைசென்ஸுக்கு டாக்டர் சான்று, அதாவது படிவம் 1ஏ, தேவை. பட்டாளத்தில் முழு உடல்தகுதிக்கு 'ஷேப் ஒன்' என்று இருக்கிறதே, அதையே கொடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், ஊர் டாக்டரிடமே கண்ணையும் காதையும் காட்டி 1ஏ வாங்கிவிடுங்கள், அரை நாள் வேலை. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணம் அந்த ஆள் கேட்ட இருபத்தைந்தாயிரத்தில் ஒரு சின்னத் துண்டுதான். மனுவில் கனரகத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் ராணுவ லைசென்ஸில் ஜீப், ஜிப்ஸி போன்ற இலகு ரக வண்டிகளும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

கவுண்டரில் "சிஸ்டம் எல்.எல்.ஆர். நம்பர் கேக்குதுங்க" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். பட்டாளத்துக்காரர்கள் அங்கே குரலை உயர்த்தி, காரியத்தைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலர் பெயருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். 18ஆம் பிரிவு லைசென்ஸ் இருக்கிறது, 9(3)இன்படி தேர்வு தேவையில்லை, யூனிட் கடிதம் இணைத்திருக்கிறேன் என்று மூன்று வரி போதும். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டு, அலுவலரை நேரில் பாருங்கள். அப்படியும் முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றதும் எல்லோரும் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்கள். திறந்து பார்த்தால் உங்கள் வேலை முடிந்தது.

ஆக, ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதை எடுத்துக்கொண்டு மறுநாளே மாமாவின் டேங்கரில் ஏறிவிட முடியுமா? முடியாது. கேஸ், பெட்ரோல், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனிப் பதிவு வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி. மாநில அரசு அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் மூன்று நாள் படித்துச் சான்று வாங்க வேண்டும். அதைக் காட்டினால் லைசென்ஸில் பதிவு செய்து கொடுப்பார்கள். அந்தப் பதிவு மூன்று வருஷம் செல்லும். பட்டாளத்தில் நீங்கள் டீசல் டேங்கர் ஓட்டியிருந்தாலும் இந்த மூன்று நாளுக்கு விலக்கு கிடையாது, இருக்கவும் கூடாது என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். 2025 ஜனவரி 3ஆம் தேதி விடியற்காலை, கொச்சியிலிருந்து கேஸ் ஏற்றிக்கொண்டு வந்த டேங்கர் ஒன்று கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் திரும்பும்போது, இழுக்கும் வண்டியிலிருந்து தொட்டி தனியாகக் கழன்று கவிழ்ந்தது. கேஸ் கசிந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தன. கோயமுத்தூரின் நட்ட நடுவில், ஒரு பொறி விழாமல் போனது நாம் செய்த புண்ணியம். அந்த மாதிரி வண்டிக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை டிரைவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பமாட்டார்கள், ஆவி விரிய இடம் விடுவார்கள். அதனால் உள்ளே இருக்கும் திரவம் ஆடும். வளைவில் வண்டி வலப்பக்கம் திரும்பினால் சரக்கு இடப்பக்கம் போய் முட்டும். பிரேக் அடித்தால் முன்னால் வந்து தள்ளும், விட்டால் பின்னால் போகும். ஸ்டாலியனில் மூட்டை கட்டிக்கொண்டு போனால் மூட்டை வைத்த இடத்திலேயே இருக்கும். இது அப்படி இல்லை. லேயில் பனிச் சரிவில் வண்டியைப் பிடித்த உங்கள் கைக்கு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் தொப்பூர் இறக்கமும் பெரிய விஷயமில்லை. ஆனால் பின்னால் ஆடுகிற சரக்கோடு இறங்குவது வேறு பாடம்.

இன்னொன்று, இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. சாக்கடை, பள்ளம், வயல் வரப்பு என்று தாழ்ந்த இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். தூரத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தாலும் அங்கே பிடித்து இங்கே வரும். அதனால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம், மேட்டில் போய் நிற்க வேண்டும். வண்டியில் எழுதியிருக்கும் '1075' என்ற எண் எதைக் குறிக்கிறது, கேபினில் இருக்கும் டிரெம் கார்டு என்ற அவசரகாலக் குறிப்பு அட்டையில் முதலில் எந்த வரியைப் படிக்க வேண்டும், ஓடி வருகிற ஊர்க்காரர்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும், இதையெல்லாம் அந்த மூன்று நாளில்தான் சொல்லிக் கொடுப்பார்கள். வகுப்புக்கு வர வேண்டாம், சான்று மட்டும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் பின்னால் வருவது ஒரு லாரி சரக்கு மட்டுமில்லை, வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரும்தான்.

மாமாவிடம் இன்னொன்றும் கேளுங்கள். அவருடையது தொட்டியும் வண்டியும் ஒன்றாக இருக்கும் டேங்கரா, இழுவை வண்டி தனி, தொட்டி தனி என்றிருக்கும் பெரிய புல்லட்டா? நீங்கள் பட்டாளத்தில் டிரெய்லர் இழுத்த அனுபவம் இல்லையென்றால், முதல் சில மாதம் பழைய டிரைவரோடு இரண்டாவது ஆளாக மங்களூர், கொச்சி லைனில் போய்வாருங்கள். பின்னால் எடுப்பதும் முட்டுச் சந்தில் திருப்புவதும் கைக்கு வந்த பிறகு தனியாகப் போகலாம். அனுபவமுள்ள கைதான் இதைக் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. கூச்சப்பட்டவர்கள்தான் தப்புச் செய்கிறார்கள்.

டேங்கர் பதிவு வருவதற்குள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கார் லைசென்ஸ் இருப்பவர் 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டுவதற்குத் தனியாக வேறு பதிவு வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. கரூர், ஈரோடு பக்கம் சின்ன வண்டிக்கு ஆள் தேடாத நாளில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களும் உங்களைக் கூப்பிடுவார்கள். திருச்செங்கோடு ரிக்கில் போனால் மாதக்கணக்கில் வடநாட்டில்தான் இருக்க வேண்டும். இந்தி தெரிந்த, வண்டி தெரிந்த ஆள் அவர்களுக்குத் தங்கம் மாதிரி. ஆனால் அப்பாவுக்காக வருகிற நீங்கள் மறுபடியும் ஊரைவிட்டுப் போக வேண்டுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் கோபி நண்பருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், என் துறை அது இல்லை. வீட்டிலோ மில்லிலோ புதிதாக வயரிங் செய்வது, மாற்றிச் செய்வது எல்லாம் அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அந்த உரிமங்களைத் தருவது மின் உரிம வாரியம். வேலைவாய்ப்பு பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு 21 வயது நிறைந்து, வயரிங் வேலையில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. வண்டிக்கு இருப்பது மாதிரி "தேர்வு வேண்டாம்" என்ற சலுகையை அவர் எதிர்பார்க்கக் கூடாது. டிரேடு சான்றிதழ்களோடு, எந்த வருஷம் எந்த வகை மின்வேலை செய்தார் என்று பட்டியல் போட்ட அனுபவச் சான்றும் யூனிட்டிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். வெறும் "எலெக்ட்ரீஷியன்" என்று ஒற்றை வார்த்தையில் வாங்கி வந்தால் பிற்பாடு அவதிப்படுவார். பத்தாவது படித்துப் பதினைந்து வருஷ சர்வீஸ் இருந்தால் பட்டதாரிக்குச் சமம் என்று பட்டாளத்தில் பேசிக்கொள்வார்கள். அது மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒதுக்கிய இடங்களுக்கான சலுகை. தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமாகக் கேட்கும் வேலைக்கு அது பொருந்தாது. வயர்மேன் சான்றுக்கும் லாரி லைசென்ஸுக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உங்கள் மனைவி விஷயம். நர்ஸ் பதிவு மாநில கவுன்சில்களின் கையில் இருக்கிறது. அவர் முதலில் தமிழ்நாட்டில் பதிந்து, அப்புறம் தெலங்கானாவுக்கு மாற்றியிருந்தால், குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன்பே அங்கிருந்து மாற்றுச் சான்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஜூன் வரைக்கும் விட்டால், வேலை கிடைத்தும் பதிவு இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டிவரும். அமெரிக்காவில் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டார்கள். ராணுவ உத்தரவின் பேரில் ஒருவர் மாநிலம் மாறினால், அவருடைய தொழில் உரிமமும் அவர் துணையின் தொழில் உரிமமும் போகிற மாநிலத்திலும் செல்லும். நம் ஊரில் கணவன் போஸ்டிங் மாறும்போதெல்லாம் அந்தப் பெண்கள் மறுபடி மறுபடி விண்ணப்பம் போடுகிறார்கள். எட்டு வருஷத்தில் நாலு ஊர் மாறிய நர்ஸுகள் எனக்கே தெரியும். அவர்களுக்காகவும் அப்படி ஒரு வரி நம் சட்டத்தில் வர வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன்.

உங்கள் யூனிட்டில் அக்னிவீரர்கள் இருந்தால் இந்தப் பதிலை அவர்களிடமும் காட்டுங்கள். நான்கு வருஷத்தில் வெளியே வருகிற பிள்ளைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைக்கும்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷனும் இல்லை. 18ஆம் பிரிவு லைசென்ஸுக்கு இத்தனை வருஷம் ஓட்டியிருக்க வேண்டும் என்று 9(3) கேட்கவில்லை. கனரகத்துக்குச் சட்டம் கேட்கும் இருபது வயசும் அவர்களுக்கு அதற்குள் ஆகியிருக்கும். வண்டி ஓட்டியவர்கள் யாராக இருந்தாலும், வரும்போதே அந்த யூனிட் கடிதத்தை வாங்கிக்கொண்டு வரட்டும்.

நாமக்கல்லில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வந்ததும் பதிந்துவிடுங்கள், அடையாள அட்டைக்கும் மற்றச் சலுகைகளுக்கும் அதுதான் வாசல். உங்கள் ராணுவ லைசென்ஸில் வண்டி வகைகள் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்து, யூனிட் கடிதத்தில் என்ன வாசகம் வர வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதி அனுப்புகிறேன். கிளார்க்கிடம் கொடுத்து அப்படியே டைப் அடித்து வாங்கிவிடலாம்.